நார்வேயில் போர் வந்தது, மாரடைப்பு குறைந்தது: இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது?

உணவு, உடல்நலம் பேசும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வரைபடம் அடிக்கடி சுற்றும். நார்வேயில் இதய, ரத்தக் குழாய் நோய்களால் இறந்தவர்களின் விகிதம், 1920களின் கடைசியிலிருந்து 1948 வரை. கோடு மெல்ல ஏறிக்கொண்டே வருகிறது. 1940-ல் ஜெர்மன் படை நாட்டுக்குள் நுழைகிறது. கொஞ்ச காலத்தில் கோடு சரிகிறது. 1945-ல் போர் முடிந்ததும் திரும்ப ஏறுகிறது. படத்துக்குக் கீழே ஒரு வரி: “கறி, முட்டை, வெண்ணெய் கிடைக்கவில்லை, மாரடைப்பும் வரவில்லை.” படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகாது. இன்னொரு கட்சி எல்லாமே கட்டுக்கதை என்று சொல்லிவிடும்.

வரைபடம் கட்டுக்கதை கிடையாது. ஆக்ஸல் ஸ்ட்ரோம், அடெல்ஸ்டன் யென்சன் என்ற இரண்டு நார்வே ஆய்வாளர்கள் 1951-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கு அது. வில்லங்கம், கீழே யாரோ ஒட்டிய அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. போர்க்கால இறப்புக் கணக்கைக் கையில் எடுத்தால் யாரை எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள், சான்றிதழில் என்ன எழுதினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். சாப்பாடு அதற்கு அப்புறம்தான். இதைப் புரிந்துகொள்ள நார்வே தலைநகர் ஆஸ்லோவரை போக வேண்டியதில்லை, புதுச்சேரியின் கோரிமேடு போதும்.

மேல் எண், கீழ் எண்

இறப்பு விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே, ஒரு வருடத்தில் இறந்தவர்கள். கீழே, அந்த இடத்தில் வாழ்ந்தவர்கள். வந்த விடையை ஆயிரம் பேருக்கு இத்தனை, லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் தொகுதி, பகுதி என்று படித்தோமே, அதேதான். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால்தான் பின்னத்துக்கு அர்த்தம் உண்டு.

கடலூர் முதுநகரில் ஒருவருக்கு நெஞ்சுவலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்புலன்ஸில் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே இறந்துவிடுகிறார். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. ஜிப்மர் இருப்பது உழவர்கரை நகராட்சி எல்லைக்குள். ஆக, வாழ்ந்த கணக்கில் அவர் கடலூர்க்காரர். இறந்த கணக்கில் உழவர்கரை. உழவர்கரையின் மேல் எண்ணில் ஒன்று கூடுகிறது, கீழ் எண்ணில் அவர் இல்லவே இல்லை. கடலூரில் இதற்கு நேர் தலைகீழ்.

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிகளுக்கு நாள் முழுக்க நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பதிவேட்டிலிருந்து எண்ணை அப்படியே எடுத்து மக்கள்தொகையால் வகுத்தால், நல்ல ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்தான் ஆட்கள் அதிகம் சாகும் ஊராகத் தெரியும்! பதிவுப் படிவத்தில் இறந்தவரின் வழக்கமான வசிப்பிடத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். திருத்தியிருக்கிறார்களா என்பதுதான் எந்த இறப்பு அட்டவணையிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

விகிதம், பங்கு இரண்டையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. கற்பனையாக 10,000 பேர் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்.

1. சாதாரண வருடத்தில் 100 பேர் இறக்கிறார்கள், அதில் 40 பேர் இதய நோயால். பங்கு 40 சதவீதம். விகிதம் ஆயிரத்துக்கு 4.

2. போர் வருடத்தில் 130 பேர் இறக்கிறார்கள், இதய நோயால் 35 பேர். பங்கு ஏறக்குறைய 27 சதவீதமாக விழுந்துவிட்டது. “மூன்றில் ஒரு பங்கு குறைந்தது” என்று தலைப்புப் போடலாம். விகிதமோ 4-லிருந்து 3.5 ஆகத்தான் இறங்கியிருக்கிறது. மிச்சம் எல்லாம், மற்ற சாவுகள் கூடியதால் வந்த தோற்றம்.

3. அதே ஊரிலிருந்து 1,000 இளைஞர்கள் படைக்குப் போய்விட்டார்கள், இதய நோயால் பழையபடி 40 பேரே இறந்தார்கள் என்றால் விகிதம் 4.4 ஆகிவிடும். கூடுதலாக ஒருவர்கூட இறக்கவில்லை, விகிதம் மட்டும் ஏறிவிட்டது.

மூன்றாவது சிக்கலைத் தவிர்க்கத்தான் வயதுவாரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். வயது பிரிக்காத போர்க்கால விகிதத்தை வைத்து யாராவது வாதாடினால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

சான்றிதழில் என்ன எழுதுகிறார்கள்?

எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒரு கணக்கு. எதனால் என்பது வேறு கணக்கு. அது மருத்துவரின் பேனாவில் இருக்கிறது. நம் ஊரில் ஆஸ்பத்திரியில் இறந்தவருக்குப் படிவம் 4. வெளியே இறந்தவரை மருத்துவர் கடைசியாகப் பார்த்திருந்தால் 4-ஏ. இதில் காரணம் எழுதும் இடம் ஏணி மாதிரி இருக்கும்: மேல் படியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதைக் கொண்டுவந்தது, கடைசிப் படியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. பக்கத்தில், ஒவ்வொன்றும் எவ்வளவு காலமாக இருந்தது என்று குறிக்க வேண்டும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்த 62 வயதுக்காரர் ஒருவர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காலில் புண், ஆறவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்து மூன்றாம் நாள் இறந்தார். ஏணி இப்படி இருக்க வேண்டும்:

(அ) ரத்தத்தில் கிருமித் தொற்று — 3 நாள்
(ஆ) காலில் அழுகல் — 3 வாரம்
(இ) நீரிழிவு — 15 வருடம்

புள்ளிவிவரத்துக்குப் போவது கடைசிப் படி. அதாவது நீரிழிவு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, வெளியே சொந்தக்காரர்கள் வண்டி பிடித்து நிற்கும்போது, களைத்துப்போன ஒரு பயிற்சி மருத்துவர் “கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்” என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இதயமும் மூச்சும் நின்றுவிட்டனவாம். சரி, யாருக்குத்தான் நிற்காமல் இறப்பு வரும்? அந்த ஒரு வரியால் ஒரு சர்க்கரைச் சாவு கணக்கிலிருந்து காணாமல்போய், இதயப் பக்கமோ பொதுவான ஒரு பெட்டியிலோ விழுகிறது.

அமைதிக் காலத்திலேயே இப்படி. போரில் மருத்துவர்கள் சிறைக்குப் போகிறார்கள், அக்கரைக்குத் தப்புகிறார்கள், பிரேதப் பரிசோதனை குறைகிறது. போதாதற்கு, சாவுக் காரணங்களை வகை பிரிக்கும் சர்வதேச நோய்ப் பட்டியலையே ஏறக்குறைய பத்து வருடத்துக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். 1938-ல் ஒன்று, 1948-ல் ஒன்று. நீளமான எந்தக் கோட்டிலும், துள்ளல் இந்த வருடங்களில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நார்வேயில் யார் எங்கே இறந்தார்கள்?

ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது 1940 ஏப்ரல் 9. விடுதலை 1945 மே 8. அப்போது மக்கள்தொகை சுமார் 30 லட்சம். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் 26 லட்சம் பேர். அதைவிடக் கொஞ்சம் பெரிய கூட்டம், அவ்வளவுதான். இவ்வளவு சிறிய நாட்டில் ஆட்கள் எல்லை தாண்டினால் கணக்கு உடனே ஆடும். தாண்டினார்கள்:

1. வணிகக் கப்பல்களில் வேலை செய்த நார்வே கடலோடிகள் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் கடலில் இறந்தார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலை பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் இருக்கிறது இல்லையா? பிழைப்பு ஓரிடம், சாவு வேறிடம், பெயர் மட்டும் ஊரில் என்ற கதை நமக்கும் புதிதில்லை.

2. யூதர்கள் 700-க்கும் மேற்பட்டவர்களை நாடு கடத்தினார்கள். 1942 நவம்பர் 26 அன்று ‘டோனாவ்’ என்ற ஒரே கப்பலில் மட்டும் 500-க்கு மேல். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் கொல்லப்பட்டார்கள். எந்த ஆஸ்லோ மருத்துவரும் அவர்களுக்குச் சான்றிதழ் எழுதவில்லை.

3. எதிர்த்திசையில், ஏறக்குறைய ஒரு லட்சம் சோவியத் போர்க் கைதிகளை ஜெர்மானியர்கள் நார்வேக்குக் கொண்டுவந்தார்கள். 13,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே மடிந்தார்கள். நார்வே மண்ணில் போரில் செத்தவர்களில் பெரும்பகுதி நார்வேக்காரர்களே அல்ல.

4. சுமார் 50,000 பேர் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். 1944 இலையுதிர் காலத்தில் வடகோடி ஃபின்மார்க் பகுதியை ஜெர்மன் படை எரித்துவிட்டு, ஏறக்குறைய அதே அளவு மக்களைத் தெற்கே விரட்டியது.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் வரைபடமே விழுந்துவிடும் என்று தோன்றும். விழவில்லை. கடலோடிகள் இளைஞர்கள், இதய நோய்க் கணக்கில் அவர்கள் பங்கு சொற்பம். ஸ்வீடன் போனவர்கள் 30 லட்சத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. கோடு சரியத் தொடங்கியது ஃபின்மார்க் எரிவதற்கு முன்பே. நோய்ப் பட்டியல் மாறிய வருடங்களோடும் அந்தச் சரிவு ஒத்துப்போகவில்லை. அப்புறம் ஒரு நல்ல சாட்சியும் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்வது போர் வருடங்களில் நார்வேயில் குறைந்தது என்று யென்சன் தனியாக எழுதினார். அது ஆஸ்பத்திரிக் குறிப்பிலிருந்து வந்த கணக்கு, சான்றிதழை நம்பியதல்ல. இரண்டு வேறு வழியில் வந்த எண்கள் ஒரே திசையைக் காட்டினால், கொஞ்சம் நம்பலாம்.

என் முடிவு: சரிவு நிஜம். காரணம்தான் அந்த ஒற்றை வரியில் அடங்காது.

சாப்பாட்டுத் தட்டு மட்டும் மாறவில்லை

வெண்ணெய், இறைச்சி, முட்டை, பால், சர்க்கரை எல்லாம் சுருங்கின. உருளைக்கிழங்கும் தவிடு எடுக்காத மாவு ரொட்டியும் மீனும் தட்டை நிரப்பின. ஆமாம், மீன் கூடியது. ஞாயிற்றுக்கிழமை மீனை நிறுத்தியவர் அதே வரைபடத்தை நம்பித்தான் நிறுத்தினார்!

கூடவே புகையிலைக்கும் ரேஷன் வந்தது. பெட்ரோல் இல்லாததால் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், விறகு வெட்டினார்கள். உடல் எடை இறங்கியது. இதில் எது இதயத்தைக் காப்பாற்றியது? எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே மக்களுக்கு மாறியிருக்கிறது. ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க இந்த எண்ணால் முடியாது. ஐந்து மாத்திரை ஒன்றாக விழுங்கிக் காய்ச்சல் விட்டால், மஞ்சள் மாத்திரைதான் வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

வேகமும் ஒரு துப்பு. ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவது பத்து இருபது வருட வேலை. ஓரிரு வருடத்தில் சாவு குறைகிறது என்றால், படிந்த கொழுப்பு கரைந்துவிட்டது என்பதைவிட, அதன் மேல் ரத்தம் உறைந்து அடைப்பது குறைந்தது என்று நினைப்பதே பொருத்தம். யென்சனின் அறுவை சிகிச்சைக் கணக்கும் அதற்கு இசைவாகத்தான் இருக்கிறது.

முதல் உலகப்போரில் டென்மார்க்: கறியா, சரக்கா?

இதே வாதத்துக்கு இன்னொரு பழைய சாட்சியையும் இழுப்பார்கள். முதல் உலகப்போரில் டென்மார்க் யார் பக்கமும் சேரவில்லை. ஆனால் 1917-ல் கடல் வழி அடைபட்டு, கால்நடைத் தீவனமும் தானியமும் வருவது நின்றது. மிக்கெல் ஹின்ஹேட என்ற மருத்துவர் ஒரு யோசனை சொன்னார்: பன்றிக்குப் போடும் பார்லியையும் உருளைக்கிழங்கையும் மனிதனுக்கே கொடுங்கள். பன்றிகளைப் பெருமளவு குறைத்தார்கள். தவிடு சேர்ந்த கம்பு ரொட்டி ஊர்ச் சாப்பாடானது. 1917 அக்டோபரிலிருந்து 1918 அக்டோபர் வரை இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 10.4 ஆக இறங்கியது, ஐரோப்பாவில் அதுவரை இவ்வளவு குறைவாகப் பதிவானதே இல்லை என்று அவர் எழுதினார். 1920-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரை வந்தது.

எண் அழகாக இருக்கிறது. இரண்டு இடத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எந்த ஆண்டு. அக்டோபரிலிருந்து அக்டோபர் என்று வெட்டியிருக்கிறார். 1918 இலையுதிர் காலத்தில்தான் இன்ஃப்ளுயன்சாவின் கொடிய அலை வந்தது. வெட்டும் இடத்தைச் சில மாதம் தள்ளினால் எண் வேறாகிவிடும்.

இரண்டு, சாராயம். தானியத்தைக் காப்பாற்ற வடிப்பாலைகளைக் கட்டுப்படுத்தினார்கள். 1917-ல் போட்ட வரியால், 1 குரோனருக்கும் குறைவாக விற்ற அக்வாவிட் என்ற சாராயத்தின் பாட்டில் 11 குரோனர் ஆனது. புதுச்சேரியில் இன்று குவார்ட்டர் விலையைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றினால் எந்த வார்டு காலியாகும் என்று ஆஸ்பத்திரி ஊழியர் யாரைக் கேட்டாலும் சொல்வார். டென்மார்க்கிலும் குடியால் வரும் சாவு சட்டென்று விழுந்தது. மதுக்கட்டுப்பாட்டின் பங்கை ஹின்ஹேடவே ஒப்புக்கொண்டார். பகிர்பவர்கள் அந்தப் பாதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

சராசரிக்கு அடியில் மறைந்தவர்கள்

அதே டென்மார்க்கில் அதே போரில் குழந்தைகளின் கண் போனது. வெண்ணெய்க்கு வெளிநாட்டில் நல்ல விலை, ஏற்றுமதி செய்தார்கள். ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு மிஞ்சியது வெண்ணெய்க்குப் பதிலான மார்கரினும் கொழுப்பு எடுத்த பாலும். வைட்டமின் ஏ இல்லாமல் கருவிழி உலர்ந்து பார்வை போகும் நோய் பரவியது. கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் கார்ல் பிளாக் அதைப் பதிவு செய்தார். 1917 கடைசியில் வெண்ணெய்க்கு ரேஷன் வந்து எல்லா வீட்டுக்கும் ஒரு பங்கு போனதும், 1918-ல் நோய் அடங்கியது. அங்கன்வாடியில் வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும்போது மாலைக்கண்ணுக்கு என்று சொல்வார்களே, அதே கதை. பெரியவர்களின் இறப்பு விகிதத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்தக் குழந்தைகள் தெரிய மாட்டார்கள். அவர்களில் பலர் இறக்கவில்லை, பார்வை மட்டும்தான் போயிற்று.

நார்வேயிலும் கோடு காட்டாத நோய் இருந்தது. 1939-ல் தொண்டை அடைப்பான் வந்தவர்கள் வெறும் 54 பேர். 1943-ல் 22,000-க்கும் மேல். இதய நோய்க் கோடு கீழே போகும் அதே வருடம்.

கீழ் எண்ணே இல்லாத போர்

நார்வேயிலாவது பதிவேடுகள் நின்றுவிடவில்லை. அதனால்தான் நம்மால் இவ்வளவு வாதாட முடிகிறது. நமக்குப் பக்கத்தில் நடந்த போரில் அந்த வசதியும் இல்லை. இலங்கையில் 1981-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 1983-ல் போர். 1991 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2001-ல் 25 மாவட்டங்களில் 18-ல் மட்டுமே முழுமையாக முடிந்தது. விடுபட்டவை வடக்கும் கிழக்கின் பெரும்பகுதியும். முழு நாட்டையும் எண்ணியது 2012-ல், போர் முடிந்து மூன்று வருடம் கழித்து. நடுவில் முப்பது வருடம் யாழ்ப்பாணத்துக்கோ முல்லைத்தீவுக்கோ உறுதியான கீழ் எண் கிடையாது.

போர்ச் சாவை இரண்டு விதமாக எண்ணுவார்கள். குண்டிலும் ஷெல்லிலும் நேரடியாகச் செத்தவர்கள் ஒரு கணக்கு. இன்சுலின் வராமல், பாதை பூட்டியதால் பிரசவத்துக்குப் போக முடியாமல் செத்தவர்கள் இன்னொன்று. இரண்டாவதைத் தனித்தனியாக எண்ண முடியாது. வழக்கமாக இத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருடம் இத்தனை பேர் கூடுதல் என்று கழித்துத்தான் பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் இந்த மிகை இறப்பு என்ற சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்தக் கழித்தலுக்குக் கீழ் எண் வேண்டும். 2009-ல் போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னபோது, கொழும்பு அதை ஏற்கவில்லை. எண்ணைப் பற்றிய இந்தச் சண்டை இத்தனை வருடம் நீடிப்பதற்கு அரசியல் ஒரு காரணம். அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே தகராறு என்பது இன்னொரு காரணம்.

அந்தக் கீழ் எண்ணிலிருந்து வெளியேறியவர்களில் சிலர் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரி எல்லை தாண்டி, விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாணத்தில் சிறுவனாக எண்ணப்பட்ட ஒருவர் படகேறி வந்து, இந்த முகாமில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, நிமோனியா முற்றி ஜிப்மரில் இறக்கிறார் என்று வையுங்கள். 2012-ல் இலங்கை அவரை எண்ணவில்லை. இறப்பு, உழவர்கரை நகராட்சிப் பதிவேட்டில். வசிப்பிடம் என்ற கட்டத்தில் விழுப்புரம் மாவட்டம். காரணத்தின் மேல் படியில் நிமோனியா. கடைசிப் படியில் எதை எழுதுவது என்று பணியில் இருக்கும் மருத்துவர் யோசிக்க வேண்டும். போருக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.